சுருங்காத பை

மிஷினின் கதவைத் திறந்து பையை வெளியே இழுத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. உள்ளே போகும்போது தோளில் மாட்டினால் முழங்காலைத் தொடுகிற அளவுதான். இப்போது கையை உயர்த்திப் பிடித்தும் அடிப்பாகம் தரையில் கிடந்தது. தண்ணீர் என் செருப்புக்குள் வழிந்தது. ஆறு வாரம் கண் வலிக்கப் பின்னிய பை, தோலுரித்த ஏதோ ஒரு பிராணி மாதிரித் தொங்கியது.

நடந்திருக்க வேண்டியது வேறு. தடித்த கம்பளி நூலில் வேண்டுமென்றே பெரிதாக, தொளதொளவென்று ஒரு பை பின்ன வேண்டும். அதை நல்ல சூட்டில் ஒரு மணி நேரம் மிஷினில் புரட்டி எடுத்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பை பாதியாகச் சுருங்கி, பின்னல் கண்ணிகளே தெரியாமல் தடித்துக் கெட்டியாகிவிடும். ஃபெல்ட் என்கிறார்கள். போனில் ஒரு பெண் செய்து காட்டினாள். வேடிக்கை என்னவென்றால் நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். பத்தொன்பது வருஷமாகத் துணி பிரிக்கிற மேஜையில் நிற்கிறேன். அங்கே ஒரு கம்பளிச் சட்டை தவறி வெந்நீரில் போய்ச் சுருங்கிவிட்டால் இழவு வீடு மாதிரி ஆகிவிடும். அந்த இழவைத்தான் கைவேலை என்று இந்தப் பெண் சிரித்துக்கொண்டே செய்கிறாள். நம்மால் ஆகாதா என்று எனக்குத் தோன்றியதில் தப்பில்லை. துணியின் உள்பக்கத்து லேபிளைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கூடை என்று சொல்லிவிடுவேன். வேலையிடத்தில் எனக்குப் பேரே ‘லேபிள் அக்கா’.

பை என் மகளின் மாமியாருக்கு. சம்பந்தியம்மாள் நல்லவர், அதுதான் கஷ்டம். வரும்போதெல்லாம் அழகாகச் சுற்றிய ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். நாம் கொடுப்பதை, “எதுக்கு சம்பந்தி இதெல்லாம்” என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, போகும்போது ஞாபகமாக எடுத்துக்கொண்டு போவார். மறந்து வைத்துவிட்டுப் போனாலாவது குறை சொல்லலாம். இந்தத் தடவை அவர் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. “உங்களுக்கு ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், எந்தக் கடையிலயும் கிடைக்காது” என்று போனில் வேறு சொல்லி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மகளும் அவரும் வருவதாக இருந்தார்கள். ஈரத்தோடு காட்டிவிட்டு, காய வைத்து அப்புறம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு, மிஷினை ஓடவிட்டு, உள்ளே தைக்க லைனிங் துணி வாங்கக் கடைக்குப் போய் வந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ஆணிகளையும் திருகுகளையும் வேறு வேறு டப்பாவில் பிரித்துக்கொண்டிருந்தார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருஷமாக அவருக்கு மறதி. சொன்னதையே சொல்வார், கேட்டதையே கேட்பார். தெருமுனைக் கடை வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வருவார். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயசும் இருக்கலாம், வேறேயும் இருக்கலாம், கொஞ்ச நாள் கவனிப்போம் என்று சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் குடியிருப்பு லிப்ட் விஷயத்தில் மட்டும் அவர் ஒருநாளும் பிசகினதில்லை. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையின் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். லிப்ட் நடுவில் நின்றால் கம்பெனி ஆள் வருவதற்குள் இவர் ஏறிப் போய் உள்ளே இருப்பவரை இறக்கி, வீடு வரை கொண்டு விட்டுவிட்டு வருவார். அன்றைக்கெல்லாம் ஒரு பிடி அதிகம் சாப்பிடுவார்.

ஈரப் பையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“மிஷினைத் தொட்டீங்களா?”

“எந்த மிஷினை?”

“வீட்டுல எத்தனை இருக்கு? துவைக்கிற மிஷினைத்தான். நான் கடைக்குப் போயிருந்தப்ப.”

கையிலிருந்த திருகை எந்த டப்பாவிலும் போடாமல் யோசித்தார். “தொட்ட மாதிரி தெரியலையே.”

“தெரியலையா, தொடலையா?”

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. சாதாரண ஆளைக் கேட்டால் அது வாய்ச்சண்டை. அவரைக் கேட்டால் அது அடிமடியில் கை வைப்பது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவர் பையைப் பார்த்தார், என் செருப்பிலிருந்து ஓடின தண்ணீரைப் பார்த்தார்.

“தெரியலைம்மா” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பாதியில் நிறுத்திக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றியிருப்பார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதை அவரிடமும் நாலு தடவை சொன்னேன். எந்த நேரத்தில், எப்படி என்று ஒரு குறையும் வைக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் பையை ஒளித்து வைத்திருக்கலாம், இன்னும் முடியவில்லை என்றிருக்கலாம். ஆனால் சொல்லி வைத்த வாய் சும்மா இருக்குமா? இரண்டு கையாலும் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“இதுதான் சம்பந்தி உங்க பை. நான் ஆறு வாரம் பின்னினேன். இவரு ஒரு மணி நேரத்துல முடிச்சு வச்சுட்டாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சம்பந்தியம்மாள், “பரவால்ல சம்பந்தி, மழை வந்தா இதுக்குள்ள நானே போயிடலாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் விடவில்லை. மிஷினில் கை வைத்தது, சூட்டை மாற்றியது, கேட்டால் தெரியாது என்றது என்று எல்லாவற்றையும் ஒரு கதை மாதிரிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது. மகள் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அப்பா, நெஜமாவே நீங்களா?”

“நான்தான் போல இருக்கு.”

சம்பந்தியம்மாள் காபி தம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்க்கப் பிடிக்காத மாதிரி இருந்தது அவர் முகம். அப்போது அதை, என் ஆறு வார வேலை வீணானதற்கு அனுதாபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் கைவேலையின் பேர் தப்பித்தது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் மோட்டார் அறைச் சாவியைக் கொண்டுபோய்க் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். செயலாளர் கீழ்வீட்டுக்காரர், நல்ல பையன். படியேறி வந்து என்னிடம் விசாரித்தான்.

“அக்கா, அண்ணன் என்னமோ சொல்றாரு. துணி துவைக்கிற மிஷினையே கெடுத்துட்டேன், அதுல பை போச்சு, லிப்ட்ல போனா ஆளு போயிடும்கிறாரு. என்னக்கா இது?”

“அவர் சொன்னா சரிதான்” என்றேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, பிரிக்கிற மேஜையில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை வந்தது. வழக்கம் போல லேபிளைத் திருப்பினேன். தொட்டிப் படம், கீழே ‘மிஷினில் துவைக்கலாம், சுருங்காது’ என்று. கம்பளியிலேயே சுருங்காதபடி பக்குவம் செய்த ரகம் ஒன்று உண்டு. எத்தனை சூட்டில் போட்டாலும் இழை இழையைப் பிடிக்காது; தொளதொளவென்று பின்னினால் ஈரத்தில் நீளவும் செய்யும். எங்களுக்குச் செல்லப்பிள்ளை அது. அதைக் கூடையில் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு நூல் கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரே நீலத்தில் இரண்டு அடுக்கு இருந்தது. ஒன்றில் கையால்தான் துவைக்க வேண்டும் என்ற குறி. இன்னொன்றில் தொட்டிப் படம். யாராவது என்னை யோசிக்கச் சொன்னார்களா? பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாக நல்லதை எடுத்தது. வேறு யார் போயிருந்தாலும் விவரம் தெரியாமல் சரியானதை எடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஊசி டப்பாவைக் கவிழ்த்தேன். நூலைச் சுற்றி வந்த காகிதப் பட்டை அதில் கிடந்தது. தொட்டிப் படம் பளிச்சென்று இருந்தது. அப்போதும் மனம் கேட்கவில்லை. அன்று மகள் அவரை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். பையின் கைப்பிடி ஒன்றை வெட்டி மிஷினில் போட்டு, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் இரண்டு தடவை ஓடவிட்டேன். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு தடவையும் கைப்பிடி முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் வெளியே வந்தது.

மகள் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவள் வாசலிலேயே என்னைத் தனியாக இழுத்து, “மிஷின் விஷயத்தையும் டாக்டர்கிட்ட சொன்னேம்மா. புதுசா இப்படிப் பண்றாரான்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. மாத்திரையைக் கூட்டியிருக்காரு” என்றாள். அதற்கு அப்புறம் என் வாய் திறக்கவில்லை. மறதி இருப்பது உண்மைதானே, கடைக்குப் போய் வெறுங்கையோடு வருவது உண்மைதானே, மாத்திரை எப்படியும் கூட்ட வேண்டியதுதானே என்று மனசுக்குள் அடுக்கினேன். லிப்டும் விளையாட்டுக் காரியமா, சாவியைக் கொடுத்ததே நல்லதுக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அதற்குள் அவர் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தார். “டிவியைப் போடட்டுமா?” “வெந்நீர் போட்டுக்கட்டுமா?” ஒருநாள் குளியலறையிலிருந்து, “இந்தக் குழாயை மூடிடலாமா?” என்று குரல் வந்தது. நாற்பது மாடிக் கட்டிடத்தில் லிப்ட் மாட்டின மனுஷன். நான் அடுப்பைப் பார்த்தபடியே, “மூடுங்க” என்றேன். குழாய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “மூடிட்டேன்” என்றும் சொன்னார்.

இரண்டு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். எங்கோ சுவருக்குள்ளிருந்து தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். காதைச் சாய்த்து, “ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல” என்றார். அவ்வளவுதான், மறுபடி குனிந்துகொண்டார். சொல்லி வைத்த மாதிரி செயலாளர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். கையில் சாவி.

“அண்ணே, லிப்ட் நின்னுபோச்சு. மூணாவது மாடி டீச்சரம்மா உள்ள இருக்காங்க. கம்பெனி ஆளு வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.”

“வரட்டும் தம்பி. உள்ள காத்து வரும், பயப்பட வேணாம்னு சொல்லு. கதவைப் பிடிச்சு இழுக்க வேணாம்னும் சொல்லு.”

“நீங்க வந்தா பத்து நிமிஷ வேலைண்ணே. நான் கூடவே நிக்கிறேன்” என்று சாவியை நீட்டினான்.

“எனக்கு இப்பல்லாம் கை நிதானம் இல்லப்பா.” என் பக்கம் கையைக் காட்டினார். “நம்பலைன்னா இவளைக் கேளு.”

செயலாளர் என்னைப் பார்த்தான். அவரும் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. சாட்சிக்குக் கூப்பிட்டால் வந்து உண்மை சொல்வாள் என்று நம்புகிற ஆள் பார்க்கிற பார்வை. லிப்டுக்குள் டீச்சரம்மாள் மறுபடி தட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“மிஷின்ல ஒரு தப்பும் நடக்கல தம்பி” என்றேன். “நூலுதான் தப்பு. சுருங்காத நூலைப் பார்த்து வாங்கிட்டு வந்தது நானு. இவரு மிஷின் பக்கமே போகல. ரெண்டு நாளா எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல.”

செயலாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே ஓடிப்போய்க் காகிதப் பட்டையையும் வெட்டின கைப்பிடியையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். “நானே திரும்பப் போட்டுப் பாத்துட்டேங்க. ரெண்டு தடவை. பாருங்க, சுருங்கவே இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணல.”

அவர் பட்டையை எட்டப் பிடித்துப் படித்தார். கைப்பிடியை விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு இரண்டையும் மடித்து என் கையிலேயே கொடுத்தார். கொடுத்த கையால் என் கையைத் தட்டினார், அழுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

“எனக்காகச் சொல்றா தம்பி” என்றார் செயலாளரிடம். “நான் சோர்ந்து போயிட்டேன்னு பாக்குறா.”

“இல்லைங்க. சத்தியமா இல்லை.”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. முதல்லதான் ஞாபகம் வரல. அப்புறம் நீ சொல்லச் சொல்ல எல்லாம் வந்துடுச்சு.” அவர் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. ஒன்றை முழுசாக ஞாபகம் வைத்திருக்கிற சந்தோஷம் அதில் இருந்தது. “கண்ணாடி வழியாப் பாத்தேன். ஆவி அடிச்சுது. கம்பளி வெந்நீர்ல சுத்துது. அய்யோ, கம்பளி போச்சுன்னா இவ ரெண்டு நாள் சாப்பிட மாட்டாளேன்னு நினைச்சேன். அதான் இந்தக் குமிழைப் பிடிச்சு இப்படித் திருப்பினேன்.”

எங்கள் மிஷினில் குமிழே கிடையாது. வழவழப்பான பலகையில் விரலை வைத்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். தட்டுகிற சத்தம் இப்போது விட்டு விட்டுக் கேட்டது. செயலாளர் நீட்டிய சாவி நீட்டியபடியே இருந்தது. அவர் எங்கள் இருவருக்கும் புரியட்டும் என்று கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் காற்றில் குவித்து, ‘டக்’கென்று ஓரிடத்தில் நிறுத்தி, இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக, மறுபடி வலது பக்கம் திருப்பிக் காட்டினார்.