நிழலில்லாத டிராகன்

பன்னிரண்டு வருடங்களாக யாரும் சீந்தாத ஒரு மாயாஜாலக் கார்ட்டூன் படத்தைத் திரையிட்டுப் பேசத் திரைப்படச் சங்கம் திடீரென்று கூட்டம் போட்டது. அதில் வரும் ஆற்றை ஒற்றை ஆளாக இரண்டு வருடம் வரைந்த ஓவியர், மகளையும் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தார். வீட்டுப் பக்கமே வராமல் அம்மா எதைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று ஒருநாளாவது அவள் பார்க்கட்டுமே.

படம் முடிந்ததும் விமர்சகர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறைகளில் ஆரம்பித்தார்.

"கடைசிச் சண்டையில டிராகனுக்கு நிழலே இல்ல, கவனிச்சீங்களா? அதிகாரத்துக்கு ஏதுங்க நிழல்! என்ன ஒரு தத்துவம்!"

கூட்டம் அசந்துபோனது. ஓவியருக்குச் சிரிப்பு முட்டியது. அந்த வாரம் நிழல் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

"ஓவியரே வந்திருக்காங்க. உங்க யோசனைதானேம்மா அது?"

மகள் முதன்முறையாகப் போனிலிருந்து நிமிர்ந்தாள். "நெஜமாவாம்மா? உன்னோடதா?"

"ஆமாண்டி."

முதலில் கை தட்டியது மகள்தான்.

விமர்சகர் குறைகளுக்குத் தாவினார். "கதை சூடு பிடிக்கிற நேரத்துல எதுக்குங்க அந்த ஆறு? முழுசா நாலு நிமிஷம்! கொட்டாவிதான் வருது."

"அதானே! எவம்மா அதை வரைஞ்சது?" என்று மகள் சிரித்தாள்.

"யாரோ ஒருத்தி," என்றார் ஓவியர். "வீடு வாசல் இல்லாதவ மாதிரி, ராத்திரி பகலா அதையே வரைஞ்சிட்டிருந்தா."