கங்கம்மாவின் வியாதி

கங்கம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் மணல் பையைத் தள்ளிவிட்டு, முதுகில் அயோடினைத் தடவினாள் நர்ஸ் புஷ்பம். டாக்டர் அமலராணி விலா எலும்பிலிருந்து விரலால் அளந்து ஒரு புள்ளி வைத்தாள். அங்கே ஊசியை இறக்கி, சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதையை எடுக்க வேண்டும். எண்பத்தொன்பதில் அந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் உள்ளே படம் பார்த்துக் குத்தும் வசதியெல்லாம் கிடையாது. விரல் கணக்கும் தைரியமும்தான். உள்ளே ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்று நேற்றே சொல்லியிருந்தாள். கங்கம்மா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டாள்.

பம்மல் தோல் ஷெட்டுகளைச் சுற்றியுள்ள தெருக்களில் யாருக்கெல்லாம் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அமலராணியின் ஆராய்ச்சி. வீட்டுக்கு வீடு பாட்டில் கொடுத்து, காலைச் சிறுநீரை வாங்கிவந்து கொதிக்கவைப்பார்கள். நோய் இருந்தால் வெள்ளையாகத் திரியும். கங்கம்மாவின் பாட்டில் திரிந்த பாலாகத் திரிந்தது. ஆனால் அவள் காலில் வீக்கமில்லை, ரத்தத்தில் குறையில்லை, பிரஷரும் ஒழுங்காக இருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் பாட்டில் திரிவது நிற்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வியாதி. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு நோயாளி கிடைப்பது லாட்டரி விழுந்த மாதிரி. பம்பாய் மாநாட்டில் பேசுவதற்கு இடமும் கேட்டாயிற்று. ஆசை கண்ணை மறைத்தது என்றால் அமலராணியே மறுக்கமாட்டாள்.

ஊசி போடுமுன் கங்கம்மாவைச் சிறுநீர் கழித்துவரச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்டில் எதையும் கொதிக்கவைத்துப் பார்க்காமல் கொட்டுவது புஷ்பத்துக்கு ஆகாது. அதை ஊற்றிய கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டிருந்தவள், "டாக்டர், இங்க பாருங்க" என்றாள்.

கொதித்தும் தெளிவாக இருந்தது. இரண்டு சொட்டு ஆசிட் விட்டார்கள். அப்போதும் தண்ணீர் போலவே நின்றது. முந்தின நாள் வீட்டிலிருந்து வந்த பாட்டில் கெட்டியாகத் திரிந்திருந்தது. அமலராணி கையில் ஊசியோடு கங்கம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"கங்கம்மா, வீட்லேர்ந்து கொண்டுவர்ற பாட்டில் யாரோடது?"

"நீங்க குத்துங்கம்மா. நான் தாங்கிக்குவேன்."

"யாரோடதுன்னு கேட்டேன்."

கங்கம்மா திரும்பவில்லை. "சரசுவுது. அதுக்குத் தையில கண்ணாலம் வெச்சிகீது. தெருவுல பேர் கூப்ட்டு பாட்டில் வாங்கறாங்க, சீக்குக்காரின்னு அது பேர் வந்துட்டா யார் கட்டுவான்? அதான் மாத்திக் குடுத்துட்டேன். நீங்க குடுத்த மாத்திரை எல்லாம் அதான் முழுங்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் பெத்த பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே? என்னுதுல எடுத்துப் பாத்துட்டு, அதுக்கு இன்னா மருந்துன்னு சொல்லிடும்மா."

அமலராணிக்கு முதலில் வந்தது ஆத்திரம். அடுத்த நொடியே அது தன் மேலேயே திரும்பியது. ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் மாதாமாதம் கங்கம்மாவுக்குப் பார்த்தாயிற்று. மாத்திரையை விழுங்கியவளுக்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணோ ஒவ்வொரு முறையும் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றவள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, நல்ல உடம்பில் ஊசியை இறக்கவும் இருந்தாள். மாநாடு போகட்டும். இந்த உடம்போடு சரசு கர்ப்பமானால் தாயும் பிழைக்கமாட்டாள், பிள்ளையும் பிழைக்காது. நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் சரசுவும், கீழ்க்கட்டளையிலிருந்து வந்த சம்பந்தி முத்தாலம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்திக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு பிளாஸ்கில் காபியோடு வந்திருந்தாள், நல்ல மனசுக்காரி. வருங்கால மருமகளின் கன்னத்தைத் தடவி, "கண்ணாலம்னு சொன்னதும் எங்க பொண்ணு மூஞ்சி எப்பிடி சதை போட்டுக்கினு கீது பாத்தீங்களா டாக்டரம்மா" என்றாள். கண்ணுக்குக் கீழே தடித்து, உருண்டையாக இருந்தது அந்த முகம். மாத்திரையின் உப்பல் பாதி, வியாதியின் நீர் பாதி.

அமலராணி வாயைத் திறந்தாள். "சரசு, அம்மாகிட்ட ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். முத்தாலம்மாளும் கூடவே எழுந்தாள். நீங்கள் இருங்கள் என்று சொன்னதற்குச் சரியென்று தலையாட்டினாளே தவிர, திரைச்சீலை வரைக்கும் வந்துதான் நின்றாள்.

சரசுவை மேசை ஓரத்தில், அம்மாவின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். முதுகில் அயோடின் காயாமல் கிடந்த அம்மாவையும் டாக்டரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். அமலராணி குனிந்து பாவாடையை முழங்கால் வரை விலக்கி, கணைக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். நீர் கோத்த காலில் விழுந்த குழி நிறையாமல் அப்படியே நின்றது.

"டாக்டரம்மா, பொண்ணுக்கு இன்னா?" என்றது வெளியிலிருந்து குரல். திரை அசைந்தது.

கங்கம்மா குப்புறப் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டு, பாவாடை விளிம்பைத் தேடிப் பிடித்து, அந்தக் குழியின் மேல் இழுத்துவிட்டாள்.