அறுபத்தொரு பக்கம்

"முக்கியமான தீர்ப்புன்னு நாலஞ்சு சொல்லுங்க மாமா, சட்டுன்னு அடிச்சிடறேன்" என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள் மருமகள் ஹம்ஸினி.

ஜகதீசனுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. அதுவரை தடதடவென்று சொல்லிக்கொண்டு வந்தவர்தான். சட்டக் கல்லூரிப் பொன்விழா மலரில் பழைய மாணவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் போடுகிறார்களாம். சிகந்தராபாத்தில் வக்கீல், சித்தூரில் முன்சீப், நெல்லூரில் செஷன்ஸ் ஜட்ஜ், கடைசி ஐந்து வருடம் ஹைகோர்ட்டில் மேல்முறையீடுகள், இரண்டாயிரத்து நாலில் ஓய்வு. படிப்படியாக ஏறிய மனுஷன். ஒரு படியிலும் யாரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. ஆனால் தீர்ப்பு என்றதும் அவர் நினைவுக்கு வந்தது, சொல்லாமல் விட்ட ஒன்றுதான்.

சிகந்தராபாத் பக்கம் மல்லாபூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த ஆம்பூர்க்காரன் இர்பான். கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. மேல்முறையீடு ஜகதீசனும் ஓர் இளைய நீதிபதியும் இருந்த பெஞ்சுக்கு வந்தது. இவன் செய்யவில்லை என்று மூன்று நாள் விசாரணையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்தேன் என்ற சாட்சி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. தீர்ப்பைத் தேதி சொல்லாமல் ஒத்திவைத்தார். அங்கேதான் பிடித்தது சனி. ஐயாவுக்கு ஆங்கிலம் என்றால் உயிர். நாளைக்கு நாலு பேர் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்ட வேண்டாமா? எழுதுவார், அடித்துத் திருத்துவார், ஸ்டெனோவைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லுவார். இப்படியே ஏழு மாதம். ஓய்வு பெறும் நாளில் இதை வாசித்துவிட்டு இறங்கினால் எப்படி இருக்கும் என்ற நப்பாசை வேறு.

அந்த நாள் காலையில்தான் அறுபத்தொரு பக்கத்தையும் இளையவர் முன் கொண்டுபோய் வைத்தார். "படிக்காம எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்று அவர் கேட்டதில் என்ன தப்பு? மத்தியானம் பிரிவுபசாரம், சந்தன மாலை, போட்டோ. மறுநாள் முதல் அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம். வாசிக்காத தீர்ப்பு தீர்ப்பே இல்லை. வழக்கை வேறொரு பெஞ்ச் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். கேட்டு முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை இர்பான் உள்ளே. போன வருடம் பழைய ஸ்டெனோ போனில் சொன்னார்: அதே காரணம், அதே விடுதலை, நாலே பக்கம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.

"மல்லாபூருக்கா?" என்றாள் பகவதி உள்ளேயிருந்து. முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவளுக்குச் சொல்லவா வேண்டும்! "ஒரு வருஷமா போறேன் போறேன்னுட்டே இருக்கீங்க. இன்னிக்காவது போங்க. அந்த இர்பானோட பொண்டாட்டி ரெண்டு வார்த்தை திட்டினா நின்னு கேட்டுக்குங்க."

ஹப்சிகுடா வீட்டிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்கூட இல்லை. வழக்குக் காகிதங்களில் இருந்த முகவரி அவருக்கு மனப்பாடம். இந்த அரை மணி நேரத்தைத்தான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தார், வெட்கங்கெட்ட மனுஷன்.

ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தவனுக்கு நாற்பதுகூட இருக்காது, தாடி முழுக்க நரைத்திருந்தது.

"நான் ஜகதீசன். ரிட்டயர்டு ஜட்ஜ். உங்க அப்பீலை நான்தான்..."

"அட, நீங்கதானா சார்! என்னைய வுட்ட ஜட்ஜ் சாபு! சபீனா, யாரு வந்துகிறாரு பாரு!" அவன் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். ஜெயிலில் இருப்பவனை மேல்முறையீட்டுக்கு அழைத்து வருவதில்லை. ஹைகோர்ட் ஜட்ஜ் எவர் முகத்தையும் அவன் பார்த்ததில்லை. ஆமாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் டீ குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடலாம். ஜகதீசனுக்கு அந்த ஆசை வந்தது. ஐயோ, வந்தது.

"அவுரு இல்ல" என்றாள் சபீனா அடுப்படியிலிருந்து. "இவுரு முன்ன இருந்தவரு. நான் கோர்ட்ல மூணு நாளும் கடைசி பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருந்தேனே. இவுரு நம்ம வக்கீலப் பாத்து தலைய ஆட்டுனாரு. ரம்ஜானுக்கு நீ வந்துடுவேன்னு உன் சட்டையெல்லாம் தொவச்சி மடிச்சி வெச்சேன்."

"விடுதலைன்னுதாம்மா எழுதினேன்" என்றார் ஜகதீசன். "முழுசா எழுதிட்டேன். நல்லா எழுதணும்னு திருத்தித் திருத்தி நாளைக் கடத்திட்டேன். வாசிக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டேன். தப்பு என்னோடதும்மா."

சபீனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத்தினி நாளா நீங்க எங்கள நம்பலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். அந்தக் கோவம் ஒரு மாதிரி ஆறிப்போச்சு." அடுப்பிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "நம்பிட்டும் உள்ளயே வெச்சிக்கினு இருந்தீங்களா?"

ஆயிரம் வக்கீல்களை ஒரு கேள்வியில் திணறடித்தவர், குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். இர்பான் சுவரோரம் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"நீ உக்காருப்பா" என்றார்.

"நக்கோ சார், வேணாம். ஜெயில்ல பெரியவங்க முன்னால நின்னே பழகிடுச்சு."

ஜகதீசனும் எழுந்துகொண்டார். அதைப் பார்த்ததும் இர்பான் இன்னும் விறைப்பாக நின்றான், தலையைத் தாழ்த்திக்கொண்டான். சபீனா டீயுடன் வந்தாள். நின்றுகொண்டிருந்த இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் காலி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.