அப்பாவின் ஊற்றடிக் குழி

அப்பா செத்த மறுநாளே வாசலில் இரண்டு மலர்வளையங்கள் வந்து இறங்கின. ஒன்று சீனாக்காரனுடையது, மற்றது அமெரிக்காக்காரனின் ஏஜெண்ட் அனுப்பியது. எது பெரிசு என்று இரண்டு டிரைவர்களும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். போனிலிருந்து ஏவுகணை வரை எல்லாவற்றுக்கும் வேண்டிய அருமண் அப்பாவின் மலைக்குள் கிடக்கிறதே, அதற்குத்தான் இத்தனை பாசம். இரண்டையும் தூக்கிப் பன்றிக் கொட்டிலில் எறிந்தேன்.

சீன எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் சிப்வியைச் சுற்றி எல்லா மலைகளிலும் குழாய் செருகி, மருந்துத் தண்ணீர் விட்டு, அருமண்ணைக் கரைத்து எடுத்துவிட்டார்கள். ஓடைகள் நாறிப்போயின. மிச்சமிருந்தது அப்பாவின் மலையும் அதன் ஊற்றும்தான். "ஊத்துப் பக்கத்துலயே என்னைப் புதைங்க. அப்புறம் எவன் கை வைக்கிறான்னு பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் வழக்கத்தில் பெண் எடுத்தவன்தான் குழி வெட்ட வேண்டும். என் தங்கை லு மையைக் கட்டியவன் பிராங் லி. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவன் படையின் பிடியில் இருக்கிறது. இருக்கட்டுமே! மண்வெட்டியை அவன் கையில் திணித்தேன்.

"அக்கா, ஊத்துகிட்ட வேணாம். ஒரே ஈரம். சர்ச் பக்கம் நல்ல இடமிருக்கு."

"உன் கமாண்டர் பேச்சை உன் ஆளுங்ககிட்ட வச்சுக்க. இங்க நீ மாப்பிள்ளை. வெட்டு."

அவன் பத்தடி தள்ளிப் போய், பூனை நடப்பதுபோல் இடம் பார்த்துப் பார்த்துக் கொத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியைப் பிடுங்கி, அப்பா காட்டிய இடத்தில் ஓங்கிப் போட்டேன். நாலாவது வெட்டில் கறுப்புக் குழாய் ஒன்று உடைந்தது. மருந்துத் தண்ணீரின் உர வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

"எப்ப இருந்துடா இது?"

"மலைக்கு அந்தப் பக்கமிருந்து போட்டது. ஆறு மாசமாச்சு."

"யாருக்கு வித்த?"

"எடுக்கிறது சீனாக்காரன். அமெரிக்காக்காரனுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எவன் துப்பாக்கி குடுப்பான்னு பாக்க வேணாமா?" கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னான், பாவி.

ஆறு மாதம்! அந்த ஆறு மாதமாகத்தான் லு மை வாரம் தவறாமல் தண்ணீர் பாட்டில்கள் அனுப்பிக்கொண்டிருந்தாள். கமாண்டர் பெண்டாட்டி பவிசு காட்டுகிறாள் என்று வாய் வலிக்கத் திட்டினேன். "என் ஊத்து இருக்க, கடைத் தண்ணி எதுக்கு?" என்று அப்பா ஒரு மடக்குக்கூடத் தொடவில்லை. வயிறு வீங்கிச் செத்தார். பாட்டில்களை எல்லாம் நான்தான் குடித்துத் தீர்த்தேன்.

திரும்பி, பின்னால் நின்ற தங்கையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியும்டி."

"அதனாலதானேக்கா தண்ணி அனுப்புனேன்..."

"அனுப்புன. ஏன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

மண்வெட்டியை அவள் காலடியில் எறிந்தேன்.

"இந்தக் குழிக்கு உன் புருஷன் மட்டும் போதாது. நீயும் வெட்டு."

அழுதுகொண்டே வெட்டினாள். நான் தடுக்கவில்லை.