டர்போவுக்கு இரண்டு நிமிடம்

அம்பி மாமாவின் காரை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் பழைய வண்டி மேல் எனக்கு ஒரு பைத்தியம் என்று சொல்லி வைத்தேன். சுத்தப் பொய். என் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கவே நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆள் நான்.

மாமா போன வருஷம் தவறிப்போனார். அபிராமபுரம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டாள் விசாலாக்ஷி மாமி. கொல்லைப்புற ஷெட்டில் முப்பத்தோரு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அந்த வண்டி.

“ஸ்ரீவத்சா, அந்தத் தகரத்தை வேணும்னா எடுத்துண்டு போ. இல்லேன்னா காயலாங்கடைக்காரனுக்குப் போன் பண்ணிடுவேன்” என்றாள் மாமி.

“நான் எடுத்துக்கறேன் மாமி” என்று முந்திக்கொண்டு சொன்னேன். என் மனைவி நீரஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆத்துல குழாய் ஒழுகினா மூணு மாசம் பக்கெட் வெப்பேள். இதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?”

அந்த வண்டியைக் கெடுத்தவன் நான். பழி இன்னொருவர் தலையில் விழுந்தபோது வாயில் கொழுக்கட்டையோடு நின்றவனும் நான். ஐம்பது வயசுக்கு அப்புறமும் இதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை என்றால், என்ன ஜன்மமோ போங்கள்.

மாமா தான் வேலை பார்த்த ஊரிலிருந்து எண்பத்தொன்பதில் கப்பலில் கொண்டுவந்த ஸ்வீடன் நாட்டு வண்டி அது. கறுப்பு நிறம், பின்பக்கம் ‘டர்போ’ என்று வெள்ளி எழுத்து. அதற்கு ஒரு விதி உண்டு. வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து உடனே சாவியைத் திருப்பிவிடக் கூடாது. நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். டர்போவுக்குள் ஒரு சின்னக் காற்றாடி நெருப்பாய்ச் சுற்றுகிறது, அதைக் காப்பாற்றுவது ஆயில்தான். எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுபோகும். உள்ளே தங்கிய ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும்.

டிரைவர் மெஹபூப் அலி பாய் இந்த விதியைத் தொழுகைக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். மாமா உள்ளே வந்து, கால் அலம்பி, காபியைப் பாதி குடித்திருப்பார். ஷெட்டில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பாய் ஒரு மஞ்சள் துணியால் ஸ்டியரிங்கைத் துடைப்பார், டயல் கண்ணாடியைத் துடைப்பார், துணியை நாலாக மடித்து வைப்பார். அதற்கப்புறம்தான் சாவி.

தொண்ணூற்று மூன்று ஜூன் மாதம் மாமா நாலு நாள் பம்பாய்க்குப் போனார். அவரை மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டு வந்த கையோடு பாய் லீவில் போய்விட்டார். அவர் மனைவி அஸ்மத்துன்னிசாவுக்குப் பிரசவ நேரம். சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. காலேஜ் படிப்புக்காக அந்த வீட்டில் தங்கியிருந்த எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமி மூன்று மணிக்குப் பஜனைக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவாள்.

மூன்று நாள். மூன்று நாளும் எடுத்தேன். அடையாறு பாலம், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம். அன்றைக்கு அங்கே மனிதர்களைவிடச் சவுக்கு மரம்தான் அதிகம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும், பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் பாயும். எனக்கு மண்டை கிறுகிறுத்துப்போகும். நேரம் போவது தெரியாது. ஐந்தடிக்கும்போது நாய் துரத்துகிற மாதிரி திரும்பி வருவேன். ஷெட்டில் எஞ்சின் உறுமுவதை வாசலில் வரும் மாமி கேட்டுவிட்டால் தொலைந்தேன். உள்ளே நுழைந்த அடுத்த நொடி சாவியைத் திருப்பிவிடுவேன். விதி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நாலாவது நாள் பாய் இனிப்போடு வந்தார். பெண் குழந்தை. மாமாவை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்திலிருந்து திரும்பியவர் கிண்டியில் நீலப் புகை கக்கி நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மாமா வாசலிலேயே கேட்டார்.

“ரெண்டு நிமிஷம் விடாம யாருய்யா ஆஃப் பண்ணினது?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பாய் தலை குனிந்து, “நான்தான் சார்” என்றார். “நாளைலேருந்து வர வேண்டாம்” என்று மாமா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது, சின்னப் பையன் பிழைத்துப் போகட்டும் என்று பழியை ஏற்றுக்கொண்டார். நான் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது, வெட்கக்கேடு. மாமா ரோஷத்தில் அந்த வண்டியை அப்புறம் தொடவே இல்லை. பாய் ஒரு லுங்கிக் கடையில் மூட்டை கட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் வீடு மீர்சாகிப்பேட்டையில், மயிலாப்பூரிலிருந்து நடந்தே போகலாம். அந்தப் பக்கம் வேலை இருந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன்.

பெருங்குடியில் ஹம்மாத் என்ற மெக்கானிக்கின் ஷெட்டில் எட்டு மாதம் கிடந்தது வண்டி. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, தரைத் தகடு அப்பளமாய் உதிர்ந்தது. ஒரு சனிக்கிழமை ஹம்மாத் டர்போவைக் கழற்றி, விரல் நீளத் தண்டு ஒன்றை என் முன்னால் நீட்டினான். அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது.

“எவனோ நல்லா விரட்டிக்கினு வந்து ஒடனே ஆஃப் பண்ணிக்கீறான் சார். ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி. டிரைவர் வேலையா?”

“டிரைவர் இல்லை” என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் சொன்ன முதல் உண்மை, அதுவும் பாதி. அந்தத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

புது டர்போ பொருத்தி வண்டி ஓட ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக மீர்சாகிப்பேட்டைக்கு விட்டேன். என் திட்டத்தைக் கேளுங்கள். பாயிடம் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்ல வேண்டும். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், ஒருவரும் பழசைப் பேசாமல் கணக்கு நேராகிவிடும். மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு வாங்கிவிடலாம் என்று பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவர் மகள் ரூஹி. ஸ்கூல் டீச்சராம். யார் என்று சொன்னதும் உள்ளே குரல் கொடுத்தாள். தாடி முழுக்க நரைத்துப்போன பாய் வெளியே வந்து, “இன்னா தம்பி, நல்லா கீறீங்களா?” என்று என் கையைப் பிடித்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார். பிடித்திருந்த கை நழுவியது.

“ஓடுது பாய். ஒரு ரவுண்டு ஓட்டுங்கோ.”

“வேணாம் தம்பி. நான் கெடுத்த வண்டி அது. அதுக்கப்புறம் நான் எந்த ஸ்டீரிங்கயும் தொடல.”

இன்னுமா எனக்காக மறைக்கிறார் என்று எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. “விடுங்கோ பாய். எதுக்கு இன்னும் அதைச் சொல்லிண்டு?”

“இன்னா விடறது? சார ஏர்போர்ட்ல விட்டுட்டு விரட்டிக்கினு வந்தேன். வாசல்ல மாமி, ‘ஒம் பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சாம், போன் வந்துது’ன்னாங்க. அப்டியே சாவியத் திருப்பிட்டு ஓடினேன். ரெண்டு நிமிசம் உக்காரல. நாலு வருசத்துல அந்த ஒரு தபாதான்.”

ரூஹி சிரித்தாள். “நான் பொறந்து அப்பாவோட வேலைய காலி பண்ணேன் சார். அதான் சொந்தத்துல எனக்கு ‘டர்போ’ன்னு பேரு. சின்னதுல, பெரியவளானதும் உனக்கு வண்டி வாங்கித் தரேன், மன்னிச்சிடுப்பான்னு அழுவேனாம்.”

“இவ அம்மாவும் அப்டித்தான்,” என்றார் பாய். “ஒரு மணி நேரம் நான் வலியப் பொறுத்திருக்கலாம்னு சொல்லிக்கினே இருப்பா. மௌத்தாகி நாலு வருசம் ஆவுது. கடைசி வரைக்கும் சொன்னா.”

இந்த மனிதர் என்னைக் காப்பாற்றவே இல்லை. அவருக்கு என்னைப் பற்றி எதுவுமே தெரியாது. என் குற்றத்தை ஒரு குடும்பமே தன்னுடையது என்று நம்பி முப்பத்தோரு வருஷம் சுமந்திருக்கிறது. ஒரு பெண் அதைச் சுமந்தபடியே மண்ணுக்குள் போய்விட்டாள். நான் இப்போது சும்மா இருந்தாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். அப்படியும் ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை.

பையிலிருந்து தண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“பாய், ஒரு தடவை ஆஃப் பண்ணினா இப்படிக் கருகாதாம். நீங்க லீவுல இருந்த மூணு நாளும் நான்தான் திருட்டுத்தனமா எடுத்தேன். மூணு நாளும் உடனே ஆஃப் பண்ணினேன். தெரிஞ்சே பண்ணினேன். மாமா கேட்டப்போ கதவுக்குப் பின்னாடிதான் நின்னுண்டிருந்தேன்.”

ரூஹியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாய் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அந்தக் கரியைச் சுரண்டினார். என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ நான் இல்லியா?” என்றார்.

“இல்லை பாய்.”

“இவ அம்மாக்கு வலி வந்ததால இல்லியா?”

“இல்லை.”

அவர் மகளைப் பார்த்தார். “நீயும் இல்லம்மா” என்றார். முப்பத்தொரு வயதுப் பெண் கைக்குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதாள்.

பாய் என்னிடம் சாவிக்குக் கை நீட்டினார். “உக்காரும்மா” என்று ரூஹியை முன்சீட்டில் ஏற்றினார். என்னைக் கூப்பிடவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பியது. நான் ஒரு பழைய போஸ்டர் மாதிரி அந்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் யார் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள்.

முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தார்கள். ரூஹி இறங்கி என் பக்கம் வந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

“அம்மாகிட்ட போய்ட்டு வந்தோம். நான் கபரஸ்தான் வாசல்ல வண்டிலயே இருந்தேன். அப்பா உள்ள கபர் வரைக்கும் போய் சொல்லிட்டு வந்தாரு.”

பாய் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார், டயல் கண்ணாடியைத் துடைத்தார், துண்டை நாலாக மடித்தார். முழுசாக இரண்டு நிமிடம். நான் அவர் முன்னால் நின்று அதைப் பார்த்தேன். பிறகு சாவியைத் திருப்பினார்.

இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

“வண்டி நல்லா கீது தம்பி” என்றார். குரலில் கோபமே இல்லை. “நீங்க இனிமே இங்க வர வேணாம்.”

சரி பாய் என்றேன். சாவியில் அவர் கைச்சூடு அப்படியே இருந்தது.