இரண்டாம் வகைக் குரல்

விடியற்காலை ஐந்து மணிக்கு செலீன் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினாள். இடது காது மடல் ஒரு மாதமாகப் புண்ணாக இருந்தது. ஹெட்செட்டின் பஞ்சு கிழிந்து, பிளாஸ்டிக் நேரே தோலில் உரசியது. புதியது கேட்டு அலுத்துப்போய், மகனின் பழைய காலுறையை வெட்டி அதன்மேல் இழுத்துவிட்டிருந்தாள். குளிரூட்டியைப் பதினெட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்று உத்தரவு. கணினிகள் சூடேறிவிடுமாம். பன்னிரண்டு பேரும் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி, உதடு விறைக்க விறைக்கச் சிரித்த குரலில் ‘ஹலோ’ சொன்னார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், புடவைக்கடை ஒன்றின் மேல் மூன்றாம் மாடி அது. கீழே முதல் நூறாம் இலக்க பஸ் உறுமிக்கொண்டு போகும் நேரம், அமெரிக்காவில் மக்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். வேறு நகரத்துக்குக் குடிபோக நினைப்பவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். எந்த நகரம், அதில் எந்தப் பகுதி, பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எப்படி என்று திரையில் விழும் பட்டியலைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எட்டு விநாடி. கழிவறைக்குப் போவதென்றால் கை உயர்த்த வேண்டும். கைத்தொலைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். செலீனுக்கு அங்கே பெயர் ஸாலி. பக்கத்துக் கதிரை பாலேஸ்வரிக்கு பெத்.

போன மாதம் திரையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. ‘குரல் வகை’ என்று அதற்குப் பெயர். ஏ அல்லது பி. முதல் அரை நிமிடத்துக்குள் அதை நிரப்பாவிட்டால் பட்டியல் திறக்காது. முதலாளி ஸ்ரீநிவாசன் எல்லோரையும் கூப்பிட்டு நாலைந்து ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்.

“இது ஏ. இது பி. வெளங்குதா?”

“என்ன வித்தியாசம் சேர்?” என்று கேட்டான் நப்ரீஸ். தெமட்டகொடையிலிருந்து வருகிற பையன். கேள்வி கேட்பதில் பின்நிற்காதவன்.

“கேட்டாலே தெரியும்.”

கேட்டதும் தெரிந்தது. ஏ வெள்ளைக்காரக் குரல். பி கறுப்பு மக்களின் குரல். ஆனால் அந்த அறையில் யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

பாலேஸ்வரி மலையகத்துத் தேயிலைத் தோட்டமான பொகவந்தலாவைக்காரி. தங்கியிருந்த விடுதியை மூடப்போகிறார்கள் என்று அந்த நாட்களில்தான் அறை தேடிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த ஒரு பகல், இராமகிருஷ்ண வீதியில் அறை வாடகைக்கு இருப்பதாக ஒரு கடை வாசலில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு, செலீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தாள்.

“வணக்கங்க, ரூம் இருக்குன்னு போட்டிருந்திச்சு…”

“அது போன கிழமையே குடுத்தாச்சு பிள்ளை.”

தொடர்பு அறுந்தது. செலீன் சற்று யோசித்தாள். பிறகு தன் கைபேசியில் அதே இலக்கத்தை அழுத்தி, யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டாள்.

“ரூம் ஒண்டு இருக்காம், உண்மையே?”

“ஓம் பிள்ளை, இருக்கு. எப்ப பாக்க வாறீங்கள்? சொந்த இடம் எது?”

செலீன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். பாலேஸ்வரி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. “நான் பேசுனதக் கேட்டே கண்டுபுடிச்சிருச்சு பாருங்க அக்கா அந்தம்மா. நானும் பி தான் போல” என்றாள். சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மறுநாள் தேநீர் வேளையில், மற்றவர்கள் எழுந்து போனதும், செலீன் பார்த்திருக்க, பாலேஸ்வரி திரையில் ஒரு கற்பனை வாடிக்கையாளரை உருவாக்கினாள். தாதி, சம்பளம் இவ்வளவு, பிள்ளைகள் இரண்டு. குரல் வகைக்கு ஏ போட்டாள். ஒரு நகரத்தில் பதினாலு பகுதிகள் விழுந்தன. எதையும் மாற்றாமல் பி என்று மட்டும் திருத்தினாள். ஐந்து. நல்ல பள்ளிக்கூடம் என்று நட்சத்திரம் போட்ட ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. வேறு மூன்று நகரங்களிலும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. பாலேஸ்வரி இரண்டு பட்டியலையும் பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதிச் சட்டைக்குள் செருகினாள்.

நிமிர்ந்தபோது பின்னால் நப்ரீஸ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. தன் இடத்துக்குப் போனான். கால்மணி நேரம் கழித்து முதலாளியின் அறைக்குள் நுழைந்தான்.

அன்றிலிருந்து அவன் அருகில் வந்தால் பேச்சு நின்றுபோகும். செலீன் அவனுடைய மேசையிலிருந்து வந்த சிரிப்பையும் சந்தேகித்தாள், மௌனத்தையும் சந்தேகித்தாள். புதிதாக மாற்றிய கதவுப் பூட்டு, மேலே பொருத்திய கெமரா எல்லாவற்றுக்கும் அவனே காரணம் என்று நினைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அந்த அழைப்பு வந்தது. டெனீஸ் என்று ஒரு பெண். மருத்துவத் தாதி. மூன்று நகரங்களில் வேலை கிடைத்திருக்கிறது, தன் ஊரில் விடிவதற்குள் ஒன்றுக்குப் பதில் கொடுக்க வேண்டும் என்றாள். அட்லாண்டா, மினியாபொலிஸ், ஹூஸ்டன். செலீன் வழக்கப்படி பி என்று அடித்துவிட்டுப் பூங்காக்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினாள்.

“நிறுத்துங்கள்” என்றாள் டெனீஸ். “பூங்காவை நானே கூகுளில் பார்ப்பேன். நான் கறுப்பினப் பெண். என் மகனுக்குப் பதினாலு வயது, ஆறடி உயரம். அவன் தன் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸைக் கூப்பிடாத இடம் எது? எனக்கு வலிக்கிறது என்றால் நம்புகிற டாக்டர் எங்கே இருக்கிறார்? என் தலைமுடி வெட்டத் தெரிந்த ஒருத்திக்காக நான் எத்தனை மைல் ஓட வேண்டும்? ஒரு நகரத்தில் சம்பளம் அதிகம், ஆனால் அங்கே பள்ளி வகுப்பில் என் மகன் ஒருவனே கறுப்பன். இன்னொன்றில் எங்கள் ஆட்கள் நிறைய, டாக்டரும் நாங்களே, மேயரும் நாங்களே, ஆனால் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். மூன்றாவதில் என் அண்ணன் இருக்கிறான். நீங்களே சொல்லுங்கள்.”

இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: ‘இனம் தொடர்பாக நாங்கள் கருத்துக் கூறுவதில்லை.’ செலீனின் கண் அந்த அட்டையிலிருந்து ‘பி’ என்ற எழுத்துக்குப் போனது. அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தார். இரத்மலானைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். அதற்குப் பக்கத்திலேயே தோட்டத்தோடு வீடு மலிவாகக் கிடைத்தது. வேண்டாம் என்றார். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தப் பக்கம் எரிந்த தமிழர் வீடுகளை அவர் பார்த்திருந்தார். எங்கட ஆக்கள் நாலு பேர் பக்கத்தில இருக்கட்டும் என்று கொட்டாஞ்சேனையில் ஒன்றரை அறைக்குள் ஆறு பேரை வைத்துக்கொண்டு, தினமும் இரண்டு பஸ் ஏறி, கம்பியில் தொங்கியபடியே கிழவரானார்.

“மேடம்” என்றாள் செலீன். “எந்த நகரம் என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நான் இப்போது வாசித்தது முழுப் பட்டியல் இல்லை. உங்கள் குரலைக் கேட்டுக் குறைத்த பட்டியல்.”

டெனீஸின் குரல் உயர்ந்தது.

“இதைச் சொல்லச் சொல்லி உனக்கு யார் சொன்னது? இது என்ன, என்னைச் சோதிக்கிறீர்களா? நீ எங்கிருந்து பேசுகிறாய் ஸாலி?”

“கொழும்பு. இலங்கை. என் பெயர் ஸாலி இல்லை, செலீன்.”

“நான் ஏன் உன்னை நம்ப வேண்டும்?”

“நம்ப வேண்டாம். அந்த மூன்று ஆஸ்பத்திரிகளிலும் உங்களைப் போன்ற தாதிமார் இருப்பார்கள், அவர்களுக்கென்று சங்கமும் இருக்கலாம். இன்றிரவே அவர்களிடம் கேளுங்கள். மற்றப் பட்டியலையும் வாசிக்கிறேன், இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.”

ஏ என்று மாற்றி மூன்று நகரங்களையும் முழுதாக வாசித்தாள். பேனா கீறும் சத்தம் கடல் கடந்து கேட்டது. பதினொரு நிமிடம். கடைசியில் டெனீஸ், “உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்” என்றாள்.

ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் முதலாளி தோளருகே நின்றார். கையில் தாள் ஒன்று. அவள் பேசியதையெல்லாம் தன் அறையிலிருந்தே கேட்டு, வேலை நீக்கக் கடிதத்தை அச்சடித்து எடுத்து வந்திருந்தார்.

“பாரும்மா செலீன், ஒன்ன நான் எவ்வளவு நம்பினேன். கிளையன்டுட ரகசியத்த எடுத்து வெளிய குடுத்திருக்க.”

“ரகசியம் எண்டால் அது பிழை எண்டு உங்களுக்கும் தெரியும்தானே சேர்?”

“அவங்க நாடு, அவங்க சனம். அமெரிக்காக்காரன் ஆயிரம் பிரிப்பான். நமக்கென்ன? நாம வேலைய மட்டும் பாப்போம்.”

“அவங்கள் பிரிக்கேல்ல சேர். எங்கட கையால பிரிக்கிறம். கட்டத்த நிரப்பிறது நாங்கள்.”

பாலேஸ்வரி எழுந்து நின்றாள். “சார், எம்பத்தி மூணுல ஒங்க அப்பாவோட கட கெய்சர் வீதியில எரிஞ்சிச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. எது தமிழ்க் கடையின்னு வந்தவனுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு? லிஸ்ட்டு வச்சிருந்தான். அந்த லிஸ்ட்ட எழுதிக் குடுத்தவனும் வேலையத்தான் பாத்திருப்பான்.”

ஸ்ரீநிவாசனின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு குரல் கடினமாகிவிட்டது. “அரசியல் பேசுற எடம் இல்ல இது. நீயும் எறங்கு கீழ. மத்தவங்க லைனுக்குப் போங்க. இந்தக் கிளையன்ட நாளைக்கே புடிச்சிக்க பேலியகொடையில இன்னொரு கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான், தெரியுமா?”

அறையெங்கும் அழைப்பு விளக்குகள் பச்சையாய் மின்னின. செலீன் தன் காலுறைத் துண்டை உருவி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பாலேஸ்வரி பின்னால் வந்தாள். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே புடவைக்கடைக்காரன் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தான். யாராவது வருவார்களா என்று திரும்பிப் பார்க்கவும் செலீனுக்குப் பயமாக இருந்தது.

முதலில் டில்ஷானி வந்தாள். மட்டக்குளிக்காரி, கணவன் கடலுக்குப் போகிறவன், இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு பேர். பிறகு ஆறு. மேலே முதலாளி எல்லோரையும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார் என்றார்கள். “நப்ரீஸ் உள்ளதான். அவன் வரமாட்டான்” என்று யாரோ சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து நப்ரீஸ் இறங்கி வந்தான். மேல்படியில் நின்றான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“சூப்பவைசர் வேல தாரன் எண்டு செல்றாரு” என்றான்.

“நீ என்ன சொன்னனீ?” செலீன் கேட்டாள்.

“இன்னம் ஒண்டும் செல்லல்ல.” எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். “நீங்க எல்லாரும் என்னய என்ன நினைக்கிறீங்க எண்டு எனக்கித் தெரியும். அண்டைக்கி நான் உள்ளுக்குப் போனது அந்தக் கட்டத்த எடுங்க எண்டு கேக்கத்தான். அவரு ஏசி அனுப்பினாரு. அத உங்கள்ட்ட செல்லியிருக்கணும். நீங்களும் என்னோட கதைக்கல்ல, நானும் கதைக்கல்ல.”

அவன் பொய் சொல்கிறானா? செலீன் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். அதிலிருந்து எதையும் தீர்மானிக்க முடியவில்லை. அவன் சொன்னதை நிரூபிக்க ஒருவருமில்லை. ஆனால் பன்னிரண்டாவது ஆள் அவன். அவன் மேலே போனால் ஒரு லைன் ஓடும்.

“பாலேஸ்,” என்றாள், “அந்த மட்டைய அவனிட்ட குடு.”

பாலேஸ்வரி தயங்கினாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து பிஸ்கட் மட்டையை எடுத்து நீட்டினாள். அந்த ஒரே ஆதாரத்தை நப்ரீஸ் இரு கையாலும் வாங்கினான். வாசித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலுக்குக் கீழே தன் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினான். “குரலைப் பிரிக்க மாட்டோம், நிறுத்திய இருவரையும் திரும்ப எடுக்க வேண்டும்” என்று மேலே ஒரு வரி சேர்த்து, மட்டையைப் பக்கத்திலிருந்தவளுக்குக் கொடுத்தான். அது படிப் படியாகக் கீழே இறங்கியது. பன்னிரண்டு பெயர்கள். ஒன்றுகூட ஸாலியுமில்லை, பெத்துமில்லை.

மேலே பச்சை விளக்குகள் எடுப்பாரின்றி மின்னிக்கொண்டிருக்கும். முதலாளி யாருடனோ ஆங்கிலத்தில் பணிந்து பேசுவது கேட்டது. பேலியகொடைக்காரன் நாளைக்கே இந்த வேலையைப் பறித்துக்கொள்ளலாம். டெனீஸ் எந்த நகரத்துக்குப் பதில் கொடுத்தாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வராது.

ஒன்பது மணிக்கு இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் ஏறி வந்தார்கள். துஷாந்தினி முன்னால், கையில் சாப்பாட்டுப் பெட்டி. படிக்கட்டு முழுக்க மனிதர்களைக் கண்டு திகைத்து நின்றாள்.

“என்ன நடந்தது? ஏன் எல்லாரும் இஞ்ச இருக்கிறியள்?”

செலீன் மட்டையை அவளிடம் கொடுத்தாள். துஷாந்தினி வாசித்தாள், பின்னால் நின்றவர்கள் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்கள். யாரோ ஒருவன் திரும்பிப் போக ஓரடி எடுத்து வைத்தான், பிறகு நின்றான்.

துஷாந்தினி பெட்டியைக் கீழே வைத்தாள்.

“கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்றாள்.

அவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.