ஐனார் சொன்ன நிறம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து வந்தது. அப்போதே கவனித்தேனா, பிற்பாடு கவனித்ததாக நினைத்துக்கொண்டேனா?

ஐனார் என் தூண்டில் கடையில் ஜிக் தட்டைத் துழாவி, "பச்சை ஆறு எடுத்திருக்கேன்" என்றார். உள்ளங்கையில் இருந்தவை ஆரஞ்சு. ஆறுக்கும் காசு வாங்கிக்கொண்டேன். இவ்வளவும் நினைவிருக்கிறது. அது முதல் தடவையா நாற்பதாவது தடவையா என்பதுதான் இல்லை.

2

கைவிட்ட தொடக்கம்: "வட மினசோட்டாவில், தேநீர் நிறத்து ஏரி ஒன்றின் மேல் பனி விலகும் மே மாதத்தில்..."

வேண்டாம். ஏரி தன் பாட்டில் இருக்கட்டும்.

ஜிக் என்பது தலையில் சாயம் பூசிய ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள். எடையைத் தப்பாக எடுத்தால் ஏரியே சொல்லிவிடும். ஜிக் அடியைத் தொடாது. நிறத்தைப் பற்றி ஏரி வாய் திறப்பதில்லை. அதனால்தான் மனிதர்கள் இவ்வளவு பேசுகிறார்கள்.

3

எங்கள் ஊரில் அடுத்தவர் தூண்டிலை எட்டிப் பார்ப்பது அசிங்கம். எந்த நிறத்தில் மீன் கடித்தது என்று கேட்பது மரியாதை. பொய் சொல்வது பதில் மரியாதை. ஐனார் ஒருவர்தான் அதை நிஜமான கேள்வி என்று நம்பி, தான் கண்டதைச் சொன்னவர்.

அவர் தங்கையின் கணவர் டெல்மர், எங்கள் ஏரிக்கு வந்த முதல் வருஷம் ஐனாரின் "பச்சை" என்ற பேச்சை நம்பி வெறுங்கையோடு திரும்பினார். படகுத்துறையில் தற்செயலாக ஐனாரின் தூண்டில் கண்ணில் பட்டது. ஆரஞ்சு. அதன்பின் பத்தொன்பது வருஷம் இப்படி:

"மச்சான், எதுல கடிக்குது?"

"பச்சை."

"அப்ப ஆரஞ்சு."

"ஏன் மாப்ள, நான் உனக்கு எப்ப பொய் சொன்னேன்?"

"வாயத் தொறக்கறப்பல்லாம்."

ஐனார் சொன்னதற்கு எதிரானதை டெல்மர் கட்டுவார். மீன் கடிக்கும். பொய்யைப் படிக்கத் தெரிந்தவன் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

(கண் மருத்துவர் யாராவது படித்தால் சிரிப்பார். ஐனாருக்கு இருந்த நிறக்குருடு இத்தனை ஒழுங்காக மாற்றிச் சொல்லாது. பாதித் தடவையாவது ஐனார் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பார். அந்தத் தடவைகளை டெல்மர் மறந்துவிட்டார். நானும்.)

4

ஐனாருக்கு எழுபத்தொரு வயதில் கண்புரை. பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே தந்த காகிதத்தோடு நேராகக் கடைக்கு வந்தார். டெல்மர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஐனார் மகளோடு அரிசோனா போகிறார். அதற்குள் அவருக்கு வேண்டியது ஒன்றே: தான் பொய்யன் இல்லை என்று டெல்மர் வாயால் ஒரு வார்த்தை.

"படி மாப்ள."

டெல்மர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "பச்சையும் ஆரஞ்சும் ஒண்ணாத் தெரியுமாம். பொறந்ததுலேர்ந்து."

"ஆமா."

"அப்ப இத்தன வருஷம் நீ நெசத்தத்தான் சொன்னியா?"

"எனக்குத் தெரிஞ்ச நெசத்த."

டெல்மர் காகிதத்தை அழகாக மடித்தார். "மச்சான், நீ சொன்ன பொய்லயே இதான் நல்லா இருக்கு. முத்திரையெல்லாம் வச்சிருக்க."

ஐனார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன்கிட்டதான வாங்குவேன்."

நான்

5

அந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னேன், டெல்மர் மன்னிப்புக் கேட்டார். [எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.]

உண்மையைச் சொன்னேன், தான் பொய்யைப் படிக்கவே இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்பது டெல்மருக்கு உறைத்தது. பெருமைப்பட அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

காபி இயந்திரத்தைத் துடைக்கப் போனேன்.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் பிறகு நடந்தது ஒன்றுதான்.

ஐனார் அரிசோனாவில் இருக்கிறார். அங்கே பக்கத்தில் ஏரி இல்லை. டெல்மர் ஒவ்வொரு மே மாதமும் அவரைத் தொலைபேசியில் அழைத்து எந்த நிறம் என்று கேட்கிறார். ஐனார் யோசித்து ஒன்றைச் சொல்கிறார். டெல்மர் மற்றதைக் கட்டுகிறார். மீன் கடிக்கிறது. நான் கடையை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஒவ்வொரு தட்டின் மேலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். அரை நாள் வேலை.